ஒரே பையில் வந்த நான்கு டியூப்: மரபணு ஆய்வகப் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த மரபணு ஆய்வகத்தில் நான் பயிற்சியில் இருந்தபோது, ஒன்பதாவது மாதம் நடந்தது இது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நோயாளிகளின் ஊர், வயது, தொழில் எதையும் எழுதவில்லை. தவறில் என் பங்கை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிரிட்டனில் இந்த வேலைக்கு மூன்றாண்டுப் பயிற்சி என்று ஒழுங்காக ஒன்று இருக்கிறது. வேலையும் முதுகலைப் படிப்பும் சேர்ந்தே போகும், முடிந்ததும் பதிவு செய்துகொண்டால்தான் கிளினிக்கல் சயன்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் பக்கம் அப்படி ஒரே சீரான ஏணி கிடையாது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து, கூட நின்று பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்பதுதான். எங்களுக்குப் பயிற்சி கொடுத்து, ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் மேடம் அதற்காகவே ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். மாதிரி ஏற்பு, கல்ச்சர் போடுதல் (ரத்தச் செல்களை வளர்த்தல்), அறுவடை (வளர்ந்த செல்களைப் பிரித்தெடுத்தல்), பேண்டிங் (குரோமோசோம்களில் பட்டைகள் தெரியச் சாயமேற்றுதல்), குரோமோசோம் எண்ணுதல், பகுப்பாய்வு, ரிப்போர்ட் எழுதுதல் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றும் கைவந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றினால் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்.

மாதிரி ஏற்பை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டேன். டியூபை வாங்கு, ஃபார்மோடு பெயரைச் சரிபார், எண் கொடு, பதிவு செய். இதில் கற்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என் மனமெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் இருந்தது.

எங்களுக்கு வருவதில் பெரும்பங்கு, இரண்டு மூன்று முறை கரு கலைந்த தம்பதிகளின் ரத்தம். இப்படிப்பட்ட தம்பதிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை, இருவரில் ஒருவருக்குக் குரோமோசோமில் சமநிலையான இடமாற்றம் இருக்கும். மரபுப்பொருள் கூடவும் இல்லை குறையவும் இல்லை, இடம் மட்டும் மாறியிருக்கும், ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது, கரு உண்டாகும்போதுதான் சிக்கல். ஆனால் எங்கள் பக்கம் இப்படிக் கலைந்தால் ஊர் முதலில் சொல்வது "சொந்தத்தில் கட்டினதுதான் காரணம்" என்பது. சொந்தத்தில் கட்டினால் வேறு சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும், உண்மைதான். இந்த இடமாற்றம் அதனால் வருவதில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை

கடைமடைப் பக்கத்தில் ஒரு சிறிய நர்சிங் ஹோமிலிருந்து ஒரே பையில் நான்கு பச்சை மூடி டியூப்கள் வந்தன. ரத்தம் உறையாமல் வைக்கும் ஹெப்பாரின் டியூப்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மில்லி ரத்தம், இரண்டு தம்பதிகளுடையவை. முதல் தம்பதிக்கு மூன்று முறை கலைந்திருந்தது, அந்தப் பெண் அத்தை மகனைக் கட்டியவர். இரண்டாம் தம்பதிக்கு இரண்டு முறை, உறவு ஏதும் இல்லை. நல்ல மழை. பஸ்ஸில் கொடுத்துவிட்ட பை நனைந்திருந்தாலும் உள்ளே ஐஸ் பெட்டியும் டியூப்களும் நன்றாகவே இருந்தன. லேபிளும் ஃபார்மும் பொருந்தின. எண் கொடுத்தேன்.

மறுநாள் காலை கல்ச்சர் போட்டேன். ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, வளர்ப்புத் திரவத்தில் விட்டு, வெள்ளணுக்களைப் பெருகத் தூண்டும் பி.எச்.ஏ. சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை அறுவடை. சனிக்கிழமை போட்ட ஸ்லைடுகள் சரியாக விரியவில்லை. அடைமழைக் காலத்தில் காற்றில் ஈரம் அதிகம், துளி காயும் வேகம் மாறிவிடும், குரோமோசோம்கள் பரவுவதும் கெட்டுவிடும். திங்களன்று திரும்பப் போட்டுச் சரிசெய்தேன். செவ்வாயில் பேண்டிங் முடிந்து எண்ண உட்கார்ந்தேன்.

நான் செய்த முதல் தவறு

முதலில் கையில் எடுத்தது இரண்டாம் தம்பதியின் மனைவி என்று லேபிள் இருந்த ஸ்லைடுகள். எண்ணினால் 45. இன்னொரு செல், 45. மனிதருக்கு 46 என்பதே 1956-ல்தான் உறுதியானது, அதுவரை 48 என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன, அதனால் ஓர் எண்ணைப் பார்த்ததும் நம்பிவிடாதே என்று மேடம் அடிக்கடி சொல்வார். இருபது செல் எண்ணினேன், எல்லாவற்றிலும் 45. வரிசைப்படுத்திப் பார்த்தால் 13-இல் ஒன்றும் 14-இல் ஒன்றும் தனியாக இல்லை, இரண்டும் நடுவில் ஒட்டி ஒரே குரோமோசோமாக நின்றன. ராபர்ட்சோனியன் இடமாற்றம். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் இந்த வகை, அதில் அதிகம் காணப்படுவது 13-14 சேர்க்கைதான். 13, 14, 15 மூன்றும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், பயிற்சியில் எல்லோரும் தடுமாறும் இடம். நான் தடுமாறாமல் பிடித்துவிட்டேன். அந்தப் பெருமை எனக்கு அன்று அதிகமாகவே இருந்தது. கணவர் ஸ்லைடில் 46, எக்ஸ்ஒய், குறை ஏதும் இல்லை.

புதன் சாயந்திரம் அந்த நர்சிங் ஹோம் டாக்டர் போன் செய்தார். மேடம் கிளம்பிவிட்டார். "அந்த ரெண்டாவது கேஸ் என்னம்மா ஆச்சு, அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க" என்றார். "ரிப்போர்ட் கையெழுத்தாகலை டாக்டர், ஆனா மனைவிக்குத்தான் 13-14 இடமாற்றம், கேரியர் மாதிரி தெரியுது" என்று சொல்லிவிட்டேன். கேரியர் என்றால் தனக்குக் குறை தெரியாமல் இடமாற்றத்தைச் சுமப்பவர். கையெழுத்தாகவில்லை என்று முன்னால் சொன்னதால் பாதுகாப்பாகச் சொன்னதாக எனக்கு ஒரு நினைப்பு. போனின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது பின்பாதி மட்டும்தான்.

வியாழக்கிழமை

மறுநாள் காலை முதல் தம்பதி. மனைவி என்ற ஸ்லைடில் 46, எக்ஸ்ஒய். கணவர் என்ற ஸ்லைடில் 46, எக்ஸ்எக்ஸ். அதாவது பெண்ணின் பெயரில் ஆணுக்குரிய குரோமோசோம், ஆணின் பெயரில் பெண்ணுக்குரியது.

ஒரு மணி நேரம் நான் படித்தது இதெல்லாம்: எக்ஸ்ஒய் குரோமோசோமோடு பெண்ணாகவே வளர்கிறவர்கள் உண்டு. ஆண் ஹார்மோனை உடல் முற்றிலும் ஏற்காத வகை என்றால் கர்ப்பப்பையே இருக்காது. கர்ப்பப்பை இருக்கிற இன்னொரு வகையும் உண்டு, ஆனால் சொந்தக் கருமுட்டை இருக்காது. இந்தப் பெண்ணுக்கோ மூன்று முறை தானாகவே கரு தரித்திருக்கிறது. எக்ஸ்எக்ஸ் ஆண்களும் அபூர்வமாக உண்டு, அவர்களுக்கு விந்தணு இருக்காது. இந்த இரண்டு அபூர்வமும் ஒரே வீட்டில் கணவனும் மனைவியுமாக வந்து உட்காருமா? அரிய கேஸ் கிடைத்துவிட்டது என்று ஒரு மணி நேரமாவது நம்பினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மேடமிடம் போனபோது இரண்டாவது யோசனைக்கு வந்திருந்தேன். டியூப் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு முடிவிலும் குறை ஏதும் இல்லை. பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். அவர்களைத் திரும்ப வரச் சொன்னால் பஸ், ஒரு நாள் கூலி, மழை வேறு. இதையெல்லாம் சொன்னேன்.

மேடம் கேட்டது ஒன்றுதான். "இது அந்தப் பொண்ணோடது இல்லைன்னு ஸ்லைடு சொல்லுது. யாரோடதுன்னு சொல்லுதா?"

எடுத்த முடிவுகள்

அன்றே மூன்று முடிவுகள். ஒன்று, அந்தப் பையில் வந்த நான்கு முடிவுகளும் நிறுத்தம். இரண்டாம் தம்பதிக்கு ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் சரியாகத்தானே வந்திருக்கிறது, அவர்களை ஏன் நிறுத்த வேண்டும் என்று வாதாடினேன். ஒரே நேரத்தில் ஒரே கையால் எடுத்து ஒரே பையில் வந்தவை, அதில் இரண்டு கெட்டால் மற்ற இரண்டை நம்ப என்ன காரணம் இருக்கிறது என்றார். அப்போதுதான் முந்தின நாள் போனில் சொன்னதைச் சொன்னேன். திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, என் எதிரிலேயே அந்த டாக்டருக்குப் போன் செய்து, நேற்றுச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம், அதை வைத்து எதுவும் செய்ய வேண்டாம் என்றார். டாக்டர் புதன் சாயந்திரமே அவர்களிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாவது, தவறு ஆய்வகத்துக்குள்ளா வெளியிலா என்று பார்ப்பது. கல்ச்சர் போட்டது நான், எண் எழுதியது நான். முதல் சந்தேகம் என் மேல்தான் விழ வேண்டும், விழுந்தது. ஃபிரிட்ஜில் மீதி ரத்தத்தோடு இருந்த டியூப்களிலிருந்து நேராக டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தோம். முதல் தம்பதியின் மனைவி என்று லேபிள் ஒட்டிய டியூபிலேயே ஒய் குரோமோசோம் இருந்தது. ஆக, எங்களிடம் வரும்போதே மாறித்தான் வந்திருக்கிறது. அன்று இரவுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது. இதில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது என்று மறுநாள் தோன்றியது.

மூன்றாவது, திரும்ப ரத்தம் எடுப்பது, ஆனால் அவர்களை அலைக்கழிக்காமல். தவறு அவர்களுடையது இல்லை. "நீயே போ. எப்படி எடுக்கிறாங்கன்னு பார்த்துட்டு வா, யாரையும் குற்றம் சொல்லாதே" என்று மேடம் என்னை அனுப்பினார்.

நர்சிங் ஹோமில் பார்த்தது

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் சம்பா வயல்களில் தண்ணீர் நின்றது. ரத்தம் எடுக்கும் சிஸ்டர் நாற்பது வயதுக்காரர், கை அவ்வளவு சுத்தம், ஊசி போட்டது தெரியாது. அன்றைக்கு எப்படி எடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்காமல், வேறொரு நோயாளிக்கு எப்போதும்போல எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றேன். டியூபில் ரத்தத்தை எடுத்து ஸ்டாண்டில் வைத்தார். அடுத்தவரைக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகு மேசைக்கு வந்து, ஃபார்ம்களைப் பார்த்து லேபிள் எழுதி, ஸ்டாண்டில் உள்ள வரிசைப்படி ஒட்டினார். பல இடங்களில் இப்படித்தான் நடக்கிறது, நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் பேனா எடுக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

அப்புறம் அவரே யோசித்துச் சொன்னார். அன்றைக்கு முதல் தம்பதியில் மனைவி, பிறகு கணவர். இரண்டாம் தம்பதியில் மனைவி ஸ்கேன் அறையில் இருந்ததால் கணவருக்கு முதலில் எடுத்துவிட்டு, மனைவிக்குக் கடைசியில் எடுத்தார். ஃபார்ம்கள் மேசையில் கவிழ்ந்து கிடந்தன, நிமிர்த்தினால் இரண்டாம் தம்பதியின் ஃபார்ம் மேலே வந்துவிடும்.

நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டில் டியூப்களின் வரிசை: முதல் மனைவி, முதல் கணவர், இரண்டாம் கணவர், இரண்டாம் மனைவி. லேபிள்களின் வரிசை: இரண்டாம் மனைவி, இரண்டாம் கணவர், முதல் மனைவி, முதல் கணவர். அப்படியே பொருந்தியது. இரண்டாம் தம்பதியின் பெயரில் வந்தது முதல் தம்பதியின் ரத்தம். முதல் தம்பதியின் பெயரில் வந்தது இரண்டாம் தம்பதியின் ரத்தம், அதுவும் தலைகீழாக.

அன்று அந்தப் பெண் ஸ்கேன் அறைக்குப் போகாமல் வரிசைப்படி வந்து உட்கார்ந்திருந்தால் நான்கு முடிவிலும் ஆண் ஆணாக, பெண் பெண்ணாக வந்திருக்கும். நான் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பேன், மேடமும் போட்டிருப்பார். இரண்டு குடும்பமும் மற்றவர் ரிப்போர்ட்டைத் தங்களுடையது என்று பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

நான் சொன்னபடி பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

உறுதி செய்தது

கட்டம் பொருந்துகிறது என்பது சான்றாகாது. நால்வரிடமும் புதிதாக ஹெப்பாரினிலும், டி.என்.ஏ.வுக்காக ஊதா மூடி இடிடிஏ டியூபிலும் எடுத்தோம். இந்த முறை ஒவ்வொருவரும் தன் பெயரையும் பிறந்த தேதியையும் தானே சொன்ன பிறகு, நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே லேபிள் ஒட்டப்பட்டது. இனிஷியலை வைத்து அடையாளம் பார்ப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தோம். இரண்டு பெண்களுக்குமே ஆதாரில் ஓர் இனிஷியல், ஃபார்மில் ஓர் இனிஷியல், கல்யாணத்துக்கு முன் அப்பா, பின் கணவர்.

ஆய்வகத்தில் பழைய கல்ச்சர்களின் மீதி செல்கள் ஃபிக்ஸட்டிவில் இருந்தன. மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் 3:1 கலந்த அந்தத் திரவத்தில் கிடந்த செல்லிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். பழைய நான்கு, புதிய நான்கு, எட்டையும் எஸ்.டி.ஆர். குறியீடுகளில் ஓட்டினோம். ஒரு சிறு எழுத்துத்தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், கருவின் மாதிரியில் தாயின் செல் கலந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது. முதல் தம்பதி அத்தை மகன், மாமன் மகள் என்பதால் பல குறியீடுகளில் இருவரும் ஒரே அளவைக் காட்டினார்கள். இரண்டு மூன்று குறியீட்டோடு நிறுத்தியிருந்தால் திரும்பவும் குழம்பியிருப்போம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது கட்டத்தில் போட்டபடியே வந்தது. புதிய கல்ச்சரும் அதையே சொன்னது: இடமாற்றம் முதல் தம்பதியின் மனைவிக்கு. மற்ற மூவருக்கும் குறை ஏதும் இல்லை.

பிறகு நடந்தது

நான் போனில் சொன்ன புதன்கிழமைக்கும் எஸ்.டி.ஆர். முடிவு வந்த அடுத்த வியாழனுக்கும் நடுவில் எட்டு நாள். அதற்குள் இரண்டாம் தம்பதியின் வீட்டில் அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வுக்காக என்றுதான் சொன்னார்களாம். மறுநாளே வந்த "அதை வைத்து எதுவும் செய்ய வேண்டாம்" என்ற செய்தி எதையும் மாற்றவில்லை. திங்கட்கிழமை ரத்தம் கொடுக்க அவர் தன் அம்மாவோடு வந்தார், கணவர் தனியாக வந்தார். இருவரும் வெவ்வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன், அப்போது காரணம் தெரியவில்லை.

போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது என்று மேடம் நேரில் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. டாக்டர் அறையில் கணவர், மனைவி, இரு பக்கத்து அம்மாக்கள். ரத்தம் மாறிவிட்டது, உங்கள் இருவருக்கும் குரோமோசோமில் குறை இல்லை, சரிபார்த்து முடிப்பதற்குள் சொன்னது எங்கள் தவறு என்று மேடம் சொன்னார். "எங்கள்" என்றுதான் சொன்னார். சொன்னது நான் என்று நான் சொன்னேன். மாமியார், "அப்ப இவளுக்கு ஒண்ணும் இல்லையா" என்று இரண்டு முறை கேட்டார். அந்தப் பெண் ஒன்றுமே பேசவில்லை. சாயந்திரம் கணவரோடு போனார் என்று சிஸ்டர் பிறகு சொன்னார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கேட்கிற இடத்தில் நான் இல்லை.

முதல் தம்பதிக்குச் சொன்னது வேறு மாதிரி. ஊர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, சொந்தத்தில் கட்டினதுதான் குற்றம் என்று இருவரும் நம்பியிருந்தார்கள். இது அதனால் வந்ததில்லை, உங்கள் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்கலாம், புதிதாகவும் தோன்றியிருக்கலாம், இது இருக்கிறவர்கள் நிறையப் பேருக்கு நல்ல குழந்தைகள் பிறந்திருக்கின்றன, அடுத்த கர்ப்பத்தில் விரும்பினால் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம் என்று மேடம் பொறுமையாகச் சொன்னார். 1994 சட்டப்படி ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல மாட்டோம் என்றதும் கணவர் சிரித்தார், "எதுவா இருந்தா என்னங்க". மனைவியின் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளையும் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். பார்க்கலாம், ஆனால் அது அவளாக எடுக்க வேண்டிய முடிவு, கல்யாணப் பேச்சுக்காக வீடு எடுக்கக் கூடாது என்று மேடம் சொன்னது எனக்குப் புதிய பாடம்.

மாற்றியவை

நர்சிங் ஹோமில் ஸ்டாண்டோடு ஒரு மார்க்கர் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒருவர் டியூபில் லேபிள் ஏறாமல் அடுத்தவரைக் கூப்பிடுவதில்லை. எழுதிய லேபிள்களை முன்கூட்டியே ஃபார்மோடு அனுப்பலாமா என்று நான் கேட்டேன், முன்னாலேயே ஒட்டி வைத்தாலும் மாற்றி எடுக்கும் ஆபத்து உண்டு என்று மேடம் மறுத்தார். அவர் சொல்வது சரி.

ஆய்வகத்தில், எழுதிய பாலினமும் குரோமோசோமும் பொருந்தாவிட்டால் அந்தச் சாம்பிளை மட்டும் அல்ல, அதே பையில் வந்த எல்லாவற்றையும் நிறுத்துவது என்று எழுத்தில் வந்தது. கையெழுத்தாகும் முன் போனில் முடிவு சொல்வதில்லை, யார் கேட்டாலும். இடமாற்றம் கண்டால் ரிப்போர்ட் போகும் முன் இரண்டாவது ரத்தம் வாங்கி உறுதி செய்ய வேண்டும் என்றும் நான் கேட்டேன். செலவைக் காரணம் காட்டி நிர்வாகம் ஒப்பவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான், பாலினம் பொருந்தி மாறும் டியூப்களைப் பிடிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிழைப் பதிவேட்டில் இதை எழுதியது நான். எழுதி முடித்ததும் மேடம் என் பயிற்சி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். முதல் பக்கத்தில் 'மாதிரி ஏற்பு' என்ற வரியில் எட்டு மாதத்துக்கு முன் அவரே போட்ட கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். மறுபடி கையெழுத்துப் போட நான்கு மாதம் ஆனது.